லைக்கனுக்கு அடியிலுள்ள மண் எங்கிருந்து வந்தது?

மண் இல்லாமல் செடி வளராது. செடி வளர்ந்து மக்காமல் மண் மண்ணாகாது. அப்படியென்றால், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய புத்தம்புதுப் பாறையில் முதல் பிடி மண் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்கள். லைக்கன்கள் முன்னோடி உயிரிகள். அவை பாறைமீது ஒட்டி வளர்ந்து, அமிலம் சுரந்து, பாறையை அரித்து மண்ணாக்குகின்றன. எழுதினால் இரண்டு மதிப்பெண். பதில் தவறில்லை. ஆனால் படிக்கும்போது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டது போல இருக்கிறது. அப்படிப் பார்க்க வழியே கிடையாது. பாறையில் படரும் லைக்கன்களில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகளைக் கரிய கோடுகள் பிரிக்க, நிலப்படத்தைப் போலத் தோன்றும் ரைசோகார்ப்பான் ஜியோகிராபிக்கம் என்ற லைக்கன் அவ்வளவு நிதானமாகப் பெரிதாகிறது. 1950-இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ரோலண்ட் பெஷல் இந்த நிதானத்தையே அளவுகோலாக்கினார். திட்டின் விட்டத்தை அளந்தால், பனியாறு பின்வாங்கி அந்தக் கல் வெளியே தெரியத் தொடங்கி எத்தனை ஆண்டாயிற்று என்று கணிக்கலாம் என்றார். இவ்வளவு மெதுவான ஒன்று பாறையைத் தின்பதை, எந்த விஞ்ஞானியும் தன் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் பார்த்துவிட முடியாது. தடயத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தடயம் சில சமயம் ஏமாற்றும். ஹவாய்த் தீவில் ஏமாற்றிவிட்டது என்று ஒரு தரப்பு அடித்துச் சொன்னது. அந்த வழக்கைப் புரிந்துகொள்ள, முதலில் லைக்கன் யார், அதன் கையில் என்னென்ன கருவிகள் என்று பார்த்துவிட வேண்டும்.

செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்போடு எண்ணெயில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். பாசி என்று அழைத்தாலும் அதன் உடம்பில் பெரும்பகுதி பூஞ்சை. பூஞ்சை இழைகள் பின்னிய மெத்தைக்குள் பாசியின் உயிரணுக்கள் பொதிந்திருக்கும். சில வகைகளில் பாசிக்குப் பதிலாகவோ, பாசியோடு சேர்ந்தோ, நீலப்பச்சைப் பாசி என்று நாம் அழைத்துவந்த சயனோபாக்டீரியா இருக்கும். வெயிலைக்கொண்டு சர்க்கரை தயாரிப்பது பாசியின் வேலை. ஈரத்தைப் பிடித்துவைப்பது, இடத்தைப் பற்றிக்கொள்வது பூஞ்சையின் வேலை. ஒரே உயிராகத் தோன்றும் இது உண்மையில் ஒரு கூட்டுக்குடித்தனம் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1860-களின் இறுதியில் சொன்னபோது, லைக்கன் அறிஞர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அது தனிக் கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பூஞ்சைகள் வழக்கமாக மக்கியதையோ மற்ற உயிரையோ அண்டித்தான் பிழைக்கும். சோற்றுக்கு வீட்டுக்குள்ளேயே வழிசெய்துகொண்ட பூஞ்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெறுங்கல்லிலும் குடியேறலாம்.

கல்பாசி இலைபோல விரியும் வகை, கையாலேயே பிய்த்துவிடலாம். கல்லின்மேல் ஓடாக ஒட்டியிருக்கும் வகைகளை அப்படி எடுக்க முடியாது. உளி வைத்துக் கல்லோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும். ஏனென்றால் அவற்றின் அடிப்பக்க இழைகள் கல்லுக்கு உள்ளே போயிருக்கின்றன. கருங்கல் நம் கண்ணுக்கு ஒரே கட்டி. கிட்டப் பார்த்தால் அது பல கனிமத் துகள்கள் நெருக்கமாகச் சேர்ந்த கூட்டம். துகளுக்கும் துகளுக்கும் நடுவே சந்து உண்டு. காக்காப்பொன் எனப்படும் மைக்காவில் ஏடு ஏடாகப் பிரியும் தளங்கள் உண்டு. தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய பூஞ்சை இழைக்கு அந்தச் சந்து போதும். உடைத்த பாறையை நுண்ணோக்கியில் வைத்தால், சில மில்லிமீட்டர் ஆழம்வரை இழைகள் நுழைந்திருப்பதும், அங்கங்கே ஒரு துகள் தன் கூட்டத்திலிருந்து கழன்று லைக்கனின் உடம்புக்குள்ளேயே சிக்கிக் கிடப்பதும் தெரியும்.

நுழைவது ஒரு வேலை. பெயர்ப்பது இன்னொரு வேலை. லைக்கனுக்கு வேர் இல்லை, நீரைத் தேக்கிவைக்கும் தண்டும் இல்லை. மழையோ பனியோ பட்டால் தன் உலர் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நீரை உறிஞ்சி உப்பும். வெயில் ஏறினால் மொறுமொறுவென்று காய்ந்து சுருங்கும். இந்த உப்பலும் சுருக்கமும் ஆண்டு முழுக்க மாறி மாறி நடக்கின்றன. 1920-களில் இ. ஜென்னி ஃப்ரை என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் இதைச் சோதிக்க மிக எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஈரமாக இருக்கும்போது லைக்கன் உடம்பு கூழ்போல இருக்கிறது அல்லவா? அதற்குப் பதிலாக ஜெலட்டின் கூழைப் பாறைத் துண்டின்மேல் தடவிக் காயவிட்டார். காய்ந்து சுருங்கிய ஜெலட்டின், ஒட்டியிருந்த களிப்பாறையின் மேல்தோலைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு எழும்பியது. அமிலம் கிடையாது, உயிரே கிடையாது. வெறும் ஒட்டலும் சுருக்கமும். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றிச் செய்த இந்தச் சோதனை, பின்னால் வந்த பல படாடோபமான ஆய்வுகளைவிட எனக்குப் பிடித்தமானது.

இனி வேதியியல். லைக்கன் மூச்சுவிடுகிறது. வெளிவரும் கரியமில வாயு ஈரத்தில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சோடாவில் இருக்கும் அதே சாதுவான அமிலம். சுண்ணாம்புப் பாறைக்கு இதுவே போதும். எரிமலைப் பாறைகளும் கருங்கல்லும் சிலிக்கேட் கனிமங்களால் ஆனவை. அவற்றை அசைக்க இன்னும் வலுவான ஆயுதம் வேண்டும். அதுதான் பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம்.

பித்தளைச் சொம்பில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியின் புளிப்பு மட்டும் அங்கே வேலை செய்வதில்லை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் மூலக்கூறு, தாமிர அணுவை ஒரு பக்கமாகத் தொடாமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பிடிக்கிறது. பிடிபட்ட தாமிரம் களிம்பை விட்டுக் கழன்று நீரோடு வந்துவிடுகிறது. நண்டு கொடுக்கால் கவ்வுவது மாதிரி இருப்பதால் வேதியியலில் இதைக் கொடுக்கிணைப்பு என்கிறார்கள். ஆக்சாலிக் அமிலம் கனிமத்திலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் இப்படித்தான் கவ்வுகிறது. லைக்கன்களுக்கே உரிய வேறு பல சேர்மங்களும் உண்டு. அவை நீரில் அதிகம் கரையாதவை. கரையாத பொருள் பாறையை என்ன செய்துவிடும் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இஸ்காந்தர், சையர்ஸ் இருவரும், அந்தக் கொஞ்சக் கரைசலே கனிமங்களிலிருந்து உலோகங்களைக் கவ்வி எடுப்பதை ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது மலைமேலும் நடக்கிறதா? இங்கே ஒரு நல்ல தடயம் கிடைக்கிறது. ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்தால் கால்சியம் ஆக்சலேட் என்ற கரையாத படிகமாகி அங்கேயே தங்கிவிடும். சேனைக்கிழங்கு நாக்கை அரிக்கச் செய்வதும், பலருடைய சிறுநீரகத்தில் கல்லாக உட்கார்ந்து வதைப்பதும் இதே பொருள். பல லைக்கன்களின் அடியில் இது குவிந்து கிடக்கிறது. ஆனால் கால்சியம் எங்கிருந்தும் வரலாம். காற்றில் வரும் தூசியிலும் அது உண்டு. அதனால் கால்சியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த மக்காலே மண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப் வில்சன், டேவிட் ஜோன்ஸ் குழுவினர் 1980-இல் மக்னீசியம் மிகுந்த செர்பென்டைன் பாறையில் வளர்ந்த லைக்கனை ஆராய்ந்தார்கள். அதில் இருந்தது மக்னீசியம் ஆக்சலேட். லைக்கனைத் தொட்டிருந்த கனிமத்திலோ மக்னீசியம் பறிபோய் வெறும் சிலிக்கா மிஞ்சியிருந்தது. மாங்கனீசு தாதுவின் மேல் வளர்ந்த லைக்கனில் மாங்கனீசு ஆக்சலேட் கிடைத்தது. தாமிரம் உள்ள பாறைமேல் வளர்ந்ததில் தாமிர ஆக்சலேட். எந்தப் பாறையோ அந்தப் பாறையின் உலோகம். தற்செயல் என்று தள்ள முடியாத ஒத்துப்போதல் இது.

அண்டார்க்டிகாவில் இன்னும் ஒரு படி மேலே. மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளின் குளிரும் காற்றும் வெளியே எதையும் வாழவிடுவதில்லை. அங்கே லைக்கன் மணற்கல்லின் மேல்தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழே, மணல் துகள்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் குடியிருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இம்ரே ஃப்ரீட்மன் 1982-இல் இதை விரிவாக எழுதினார். கல்லைக் குறுக்கே உடைத்தால் கறுப்பு, வெள்ளை, பச்சை என்று வரிகள் தெரியும். இரும்புக்கறை படிந்த கல்லில் அந்த நடு வரி வெளுத்திருப்பதற்குக் காரணம், அங்கிருந்த இரும்பை லைக்கன் கரைத்து வெளியேற்றிவிட்டது. துகள்களைப் பிணைத்திருந்த பொருளும் தளர்ந்துபோகவே ஒரு நாள் மேல்தோல் செதிலாக உரிந்து விழும். வீட்டுக்கூரை போனதும் லைக்கன் இன்னும் சற்று உள்ளே குடிபெயரும்.

இவ்வளவு சாட்சியம் இருக்கும்போது வழக்கு எதற்கு? லைக்கன் பாறையை அரிக்கிறதா என்ற கேள்வி ஒன்று. எவ்வளவு அரிக்கிறது, லைக்கன் இல்லாவிட்டால் மழையும் வெயிலும் மட்டுமே எவ்வளவு செய்திருக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு, ஒரே வயதுள்ள, ஒரே வகையான இரண்டு பாறைகள் வேண்டும். ஒன்றில் லைக்கன் இருக்க வேண்டும், மற்றதில் கூடாது. எரிமலைக் குழம்புப் பாறைகள் இதற்கென்றே செய்தாற்போல இருக்கின்றன. வெடித்த ஆண்டு தெரியும்; அதுவே பாறையின் பிறந்த ஆண்டு.

ஹவாயின் ஈரமான பக்கத்தில், குழம்பு பாய்ந்து சில ஆண்டுகளிலேயே ஸ்டீரியோகாலன் வல்கானி என்ற லைக்கன் சின்னச் சின்னப் புதர்களாக முளைத்துக் கறுத்த பாறையைச் சாம்பல் வெள்ளையாக்கிவிடும். 1970-இல் டி.ஏ. ஜாக்சனும் டபிள்யூ.டி. கெல்லரும் இந்தப் பாறைகளை ஒப்பிட்டார்கள். லைக்கனுக்கு அடியில் இரும்பு மிகுந்த செம்மையான சிதைவுப் படலம் தடிமனாக இருந்தது. பக்கத்திலேயே லைக்கன் இல்லாத பரப்பில் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்வதே கடினம். லைக்கன் வந்தால் பாறைச் சிதைவு பலமடங்கு வேகமாகும் என்ற முடிவு நூல்களில் ஏறியது.

இருபது ஆண்டுகள் கழித்து இதைக் கேள்வி கேட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெர்னர். அவருக்கு லைக்கன் மேல் பகையில்லை. அவர் கவலை கரியமில வாயு. மழைநீரில் கரைந்த கரியமில வாயு சிலிக்கேட் பாறையைச் சிதைக்கும்போது பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே சுண்ணாம்புக்கல்லாகப் படிந்து அடைபட்டுவிடுகிறது. எனவே பாறைச் சிதைவு வேகமானால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையும், பூமி குளிரும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, வேரூன்றும் பெரிய செடிகளும் மரங்களும் நிலத்தில் பரவியபோது இதுதான் நடந்தது என்பது பெர்னரின் கணிப்பு. ஆனால் மரங்களுக்கு முன்பே லைக்கன் போன்றவை நிலத்தை மூடியிருந்து, அவையும் வேர்களுக்கு இணையாகப் பாறையை அரித்திருந்தால்? மரங்கள் வந்ததால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. பெர்னரின் கணக்கே ஆட்டம் காணும். ஹவாயின் ஒரு மெல்லிய செம்படலத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏறியிருந்தது.

பெர்னரும் அவரோடு பணியாற்றிய ஃபிரான்சஸ் காக்ரனும் அதே பாறைகளைத் துண்டாக வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1996-இல் வெளியான அவர்களின் முடிவு: லைக்கனுக்கு அடியிலிருப்பது பாறை சிதைந்து உண்டான படலமே அல்ல, காற்று கொண்டுவந்த தூசி. புதர்போன்ற லைக்கன் அதைப் பிடித்துவைத்திருக்கிறது, மழை அதைப் பள்ளங்களில் இறக்கியிருக்கிறது. அதற்குக் கீழே பாறை ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. செடிகளின் வேர் தொட்ட இடங்களில்தான் உண்மையான அரிப்பு.

வீம்புக்காகச் சொன்ன வாதம் அல்ல இது. ஹவாயின் மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. ஹவாயின் பசால்ட் பாறையிலோ குவார்ட்ஸ் கிடையாது. அந்தத் துகள்கள் ஆசியாவின் வறண்ட நிலங்களிலிருந்து பசிபிக்கைத் தாண்டிக் காற்றில் வந்தவை என்று ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு 1969-லேயே காட்டியிருந்தார்கள். நடுக்கடல் தீவுக்கே தூசி இப்படி வந்து சேருமானால், லைக்கனுக்கு அடியில் கிடைக்கும் மண்ணைப் பார்த்ததும் பாறை பொடிந்தது என்று சொல்லிவிட முடியுமா?

இந்த முடிச்சை விடுவிக்க ஒரே வழி, சேர்ந்தது என்ன என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, போனது என்ன என்று பார்ப்பது. தூசி எதையும் கொண்டுவந்து சேர்க்கலாம்; ஒரு படிகத்தின் நடுவில் ஓட்டை போட அதனால் முடியாது. பேட்ரிக் பிராடி, ரொனால்ட் டோர்ன் முதலியோர் ஹவாயின் ஹுவாலாலாய் எரிமலையில் இந்த வழியில் போனார்கள். மழையும் வெப்பமும் வேறுபடும் பல இடங்களில் லைக்கன் உள்ள பாறையையும் இல்லாத பாறையையும் எடுத்து, அவற்றிலுள்ள ஆலிவின், பிளாஜியோகிளேஸ் படிகங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். கனிமம் கரைந்துபோன இடம் அந்தப் படத்தில் கரும்புள்ளியாக விழும். படத்தின் பரப்பில் புள்ளிகளின் பங்கைக் கணினி கணக்கிட்டது. 1999-இல் வெளிவந்த முடிவு ஜாக்சன் பக்கம் சாய்ந்தது. லைக்கனுக்கு அடியில் ஓட்டைகள் தெளிவாகவே அதிகம்.

அடுத்து கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டே. அங்கே 1730-இல் தொடங்கிய எரிமலை வெடிப்பு 1736 வரை ஓயவில்லை. சகாரா பக்கத்திலேயே இருப்பதால் தூசிக்கும் பஞ்சமில்லாத தீவு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்ட்ரெச், ஹெதர் வைல்ஸ் இருவரும் அந்தக் குழம்புப் பாறைகளில் ஸ்டீரியோகாலன் வெசுவியானம் என்ற லைக்கனுக்கு அடியிலும் வெறும் பரப்பிலும் இதேபோல் சிதைவை அளந்தார்கள். 2002-இல் அவர்கள் தந்த கணக்கு: லைக்கன் இருக்கும் இடத்தில் சிதைவின் வேகம் குறைந்தது 16 மடங்கு.

என்னைக் கேட்டால், இதில் பெர்னர் தோற்றார் என்று எழுதுவது சரியாகாது. லைக்கனின் கீழ் தூசி சேர்வது உண்மை. பாறை அரிபடுவதும் உண்மை. மண் என்று நாம் கையில் அள்ளுவதில் இரண்டும் கலந்தே இருக்கும். அதில் இறங்கும் வேர், எந்தப் பங்கைப் பாறை தந்தது, எந்தப் பங்கைக் காற்று தந்தது என்று கேட்கப்போவதில்லை. விஞ்ஞானிதான் கேட்க வேண்டும்.

கனிமப்பொடி மட்டும் இருந்தாலும் மண்ணாகிவிடாது. பசால்ட்டில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் உண்டு, நைட்ரஜன் அறவே இல்லை என்று சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டின் பீட்டர் விட்டூசெக் ஹவாயில் பல பத்தாண்டுகள் உரமிட்டுப் பார்த்துக் கண்டது இதைத்தான்: இளம் எரிமலை மண்ணில் மரங்கள் நைட்ரஜனுக்கு ஏங்குகின்றன, நாற்பது லட்சம் ஆண்டு பழகிய மண்ணில் பாஸ்பரசுக்கு. ஸ்டீரியோகாலனின் உடம்பில் சின்ன மருக்கள்போல இருக்கும் பகுதிகளில் சயனோபாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பாறையை அரிப்பதைவிட இந்த வேலைதான் முதல் மண்ணுக்குப் பெரிய உதவியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாறைக்குப் பின் லைக்கன், லைக்கனுக்குப் பின் மாஸ் எனும் பாசிச்செடி, பிறகு புல், பிறகு மரம் என்ற வரிசையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1963-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவில் பூக்கும் செடி 1965-லேயே முளைத்துவிட்டது. மாஸ் வகைகள் 1967-இல். லைக்கன் தென்பட்டது 1970-இல்தான். பின்பு 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கி, அவற்றின் எச்சம் விழுந்த பகுதிதான் பச்சைப்பசேலென்று ஆனது. ஹவாயிலும் ஓஹியா மரக்கன்றுகள் லைக்கன் மண் செய்து தரும்வரை காத்திருப்பதில்லை. பாறைப் பிளவில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அங்கேயே வேர்விடுகின்றன. சில கற்களில் லைக்கன் காவலாகவும் இருக்கிறது. மேலே போர்த்திக்கொண்டு, வெயிலின் கடுமையையும் மழையின் அடியையும் கல்லுக்கு விடாமல் தடுக்கிறது. பழைய கட்டடங்களில் லைக்கனைக் கண்டதும் சுரண்டி எறியலாமா கூடாதா என்று தொல்பொருள் பாதுகாப்பாளர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக யோசிப்பது இதனால்தான்.

16 மடங்கு என்ற எண்ணையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மிகமிக மெதுவான ஒன்றின் 16 மடங்கு அது. லான்சரோட்டேயில் குழம்பு பாய்ந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பாறை இன்னமும் பாறைதான், கலப்பை இறக்க முடியாது. அதே வெடிப்பில் சாம்பலும் சிறுகற்களும் பொழிந்து மூடிய லா ஹேரியா என்ற பகுதியில் உழவர்கள் மண் உருவாகட்டும் என்று காத்திருக்கவில்லை. கருஞ்சாம்பலைக் கூம்பு வடிவக் குழிகளாகத் தோண்டி, அடியில் புதைந்து கிடந்த பழைய மண்ணை எட்டி, குழிக்கு ஓரிரு திராட்சைக் கொடிகளை ஊன்றினார்கள்; காற்றுக்குத் தடுப்பாக ஒவ்வொரு குழியையும் சுற்றி அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். சாம்பல் இரவின் ஈரத்தைப் பிடித்துத் தருகிறது. இன்றைக்கும் அங்கே ஒயின் அந்தக் கொடிகளிலிருந்துதான் வருகிறது. வேர் நிற்பது 1730-க்கு முந்தைய மண்ணில்.